நடுவில் விட்டுப்போன வரி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் காலைப் பேருந்தில் அன்று நிற்கத்தான் இடம் இருந்தது. லூர்தம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்டலத்தில் தங்கைக்குப் பிரசவம்; ஒன்பது நாள் கூட இருந்து பார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். தூக்கம் கெட்ட கண் எரிந்தது. பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள்.

ராஜம்மா. ஒரகடத்தில் ஏரிக்கரைத் தெருக்காரி, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள்.

"யக்கா, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்றாள்.

"எதுக்குடி?"

"கழனிக் கடிதம் பத்திரிகைல எழுதினியே, அதுக்குத்தான். எங்க வூட்டுல அரை மூட்டை வெதை நெல்லு அப்டியே கெடந்துது. மருந்து போட்டதாச்சேன்னு தொடாம வெச்சிகினு இருந்தோம். நீ சொன்ன மாதிரியே நாலு தண்ணி வுட்டுக் கழுவிட்டேன். செவப்பு மொத்தமும் பூட்ச்சு. புழுக்கிக் காயப் போட்டுகீறேன். சாயங்காலம் குத்திக்கலாம்."

லூர்தம்மாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "நான் இன்னா எழுதினேன்?" என்று கேட்டாள்.

"இன்னாக்கா இப்டிக் கேக்கறே? நல்லாக் கழுவிட்டு சாப்புடலாம்னு எழுதலே? வைப்பூர் நாகப்பண்ணன் படிச்சுக் காட்டிச்சாம். எங்க வூட்டுக்காரு கேட்டுகினு வந்து சொன்னாரு."

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. லூர்தம்மாளின் கை கம்பியிலிருந்து நழுவிற்று. பக்கத்தில் இருந்த ஆள் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

அவள் அப்படி எழுதவில்லை. அதற்கு நேர் எதிராக எழுதியிருந்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு, ஆவணி மாதம். முந்தின வருஷத்து மழையில் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. ஆடியிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. கிணற்றை நம்பி நாற்று விட்டவர்கள் நாலு பேர். அதுவும் கருகிப் போனது. சம்பாவுக்கென்று வாங்கிய விதை நெல் வீட்டுக்கு வீடு மூட்டையாகவே கிடந்தது. அந்த வருஷம் வந்த விதையில் பூஞ்சாண நோய்க்கென்று பாதரச மருந்து கலந்திருந்தார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிவப்புச் சாயமும் சேர்த்திருந்தார்கள். சாயம் தண்ணீரில் போய்விடும். மருந்து போகாது. ஒரு நாள் இரண்டு நாளில் கொல்லாது. உடம்பில் தங்கித் தங்கி, வாரக்கணக்கில் கழித்து நரம்பைப் பிடிக்கும். இதெல்லாம் வேளாண்மை விரிவாக்க அலுவலரிடம் இரண்டு தடவை கேட்டுத் தெளிந்த பிறகுதான் அவள் எழுதினாள். பஞ்ச காலம், கையில் நெல் இருக்கிறது, பசிக்கிற வீடு எத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்? அந்தப் பயத்தில் எழுதியதுதான் அந்தப் பதில்.

லூர்தம்மாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. செங்கல்பட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, கிராம சேவிகா பயிற்சி முடித்து, ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியத்தில் எட்டு வருஷம் ஊர் ஊராக நடந்தவள். புகையில்லா அடுப்பு, வீட்டுத் தோட்டம், ஊட்டச்சத்து என்று சொல்லிக்கொண்டு போனவள் பெண்களோடு வயலுக்கும் இறங்கினாள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு தர்மபுரிக்கு மாற்றல் வந்தது. வேலையை விட்டுவிட்டாள். ஆனால் வழியில் நிறுத்திக் கேள்வி கேட்பதை ஜனங்கள் விடவில்லை.

அந்த நேரத்தில் காஞ்சிபுரத்தில் அச்சகம் வைத்திருந்த தணிகாசலம் 'கழனிக் கடிதம்' என்று எட்டுப் பக்க மாதப் பத்திரிகை ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கும் துண்டு நோட்டீசுக்கும் இடையில் அதையும் அடித்து அறுநூறு பேருக்குத் தபாலில் அனுப்புவார். லூர்தம்மாள் அதில் கேள்வி பதில் எழுதத் தொடங்கினாள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவாள். அதனாலேயே பெயர் வந்தது. மருந்துக் கடைக்காரர்கள் சரக்கு விற்பதற்காக வாய்க்கு வந்ததைச் சொன்ன காலம் அது. "வாயால சொல்றதை நம்பாதீங்க. அச்சுல எங்க கீதுன்னு எடுத்துக் காட்டச் சொல்லுங்க" என்பதை அவள் எல்லா ஊரிலும் ஒரு மந்திரம் போலச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கியதும் டீக்கடைக்குள் நுழைந்தாள். கடைக்கும் ஒரு பிரதி போகும். எண்ணெய்க் கறை பட்ட அந்த இதழ் பெஞ்சின் மேல் கிடந்தது. ஆறாம் பக்கத்தைத் திருப்பினாள்.

'மிஞ்சிய விதையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடலாம்.'

கீழே அவள் பெயர்.

தான் எழுதியது வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. 'மிஞ்சிய விதையை நன்றாகக் கழுவி உலர்த்தினாலும் உணவுக்கு ஆகாது; மருந்து உள்ளே ஊறியிருக்கும். விதைத்தவர்கள் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடலாம்.' இரண்டு இடத்தில் 'நன்றாகக் கழுவி'. எழுத்துக் கோத்தவன் கண் முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குத் தாவியிருக்கிறது. நடுவில் இருந்த வரி போய்விட்டது. போனதற்கு அடையாளமே இல்லை. படித்தால் எங்கும் தட்டவில்லை. வாக்கியம் அழகாக, தெளிவாக நின்றது.

"இது எப்போ வந்துது?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"அஞ்சு நாளாச்சே. உன் வூட்டுக்காரருதான் சைக்கிள்ல கொண்டாந்து எல்லாருக்கும் குடுத்தாரு. நீ ஊர்ல இல்லையாமே."

லூர்தம்மாள் ஓடினாள். ராஜம்மா பின்னாலேயே, "இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

ராஜம்மா வீட்டு வாசலில் இரண்டு கோரைப் பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பொன் நிறம். பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். லூர்தம்மாள் ஒரு பாயின் பக்கத்தை மடித்துப் பிடித்தாள். விஷயத்தை மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் ராஜம்மா பாயின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அப்ப நாங்க இன்னாத்த துன்றது? மூணு நாளா அடுப்புல புளிச்ச கூழுதான்கா."

"என் வூட்டு நெல்லு தரேன். இதே அளவு. இத்த எனக்குக் குடுத்துடு."

"நெசமா?"

"மாதா மேல ஆணையா."

பாயை விட்டாள் ராஜம்மா.

வீட்டில் கணவன் சவரிமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். மனைவிக்கு உதவி செய்ததாக நினைத்து, அவள் பெயருக்குக் கட்டாக வந்த நாற்பது பிரதியையும் ஒரே நாளில் ஏழு ஊருக்கும் சுற்றிக் கொடுத்து முடித்தவன் அவன். செய்தியைக் கேட்டதும் முகம் வெளுத்தது. கூடவே குதிரில் இருக்கிற நெல்லைக் கொடுக்கப் போகிறேன் என்றதும் சுருக்கென்று கோபமும் வந்தது.

"நம்ம பிள்ளைங்களுக்கு தை மாசம் வரைக்கும் கீறது அதான், லூர்து."

"தெரியும்."

"தப்பு பண்ணது அச்சாபீஸ்காரன். நெல்லு நம்முதா?"

"எம்பேருதான் போட்டுகீது" என்றாள் அவள்.

அவன் மாட்டைத் தொழுவத்தில் கட்டினான். பிறகு சைக்கிளை எடுத்தான். "யார் யாருக்குக் குடுத்தேன்னு எனக்கு ஞாபகம் கீது. நான் எழிச்சூர், அத்த ஒட்டின பண்ருட்டிப் பக்கம் போறேன். வைப்பூரு நீ போ. அந்த ஆளு என் பேச்சைக் கேக்க மாட்டான்."

அந்த ஆள் நாகப்பன். வைப்பூரில் மூன்று ஏக்கர் நிலமும் சொந்தக் கிணறும் உள்ளவன். ஐம்பதைத் தொட்ட வயது. ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆனால் 'கழனிக் கடிதம்' வந்த அன்று சாயங்காலம் கோவில் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை உரக்கப் படிப்பான். சுற்றி முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். ஒரு சொல் புரியாவிட்டால் மறுநாளே ஒரகடம் வந்து கேட்டுப் போவான். இப்படி ஒரு வாசகன் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று லூர்தம்மாள் பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

உச்சி வெயிலில் அவள் வைப்பூர் போய்ச் சேர்ந்தபோது நாகப்பன் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி சந்திரம்மாள் அடுப்படியில் இருந்தாள். நாகப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "வாம்மா லூர்தம்மா, நல்ல நேரத்துலதான் வந்தே. ஒரு வாய் சாப்புடு" என்றான்.

"அண்ணா, அடுப்புல இன்னா அரிசி?"

"வெதை நெல்லுதான். நீ எழுதின தைரியம்! மூணு நாளா ரெண்டு வேளைச் சோறு. பிள்ளைங்க மொகத்துல களை வந்துகீது பாரு."

லூர்தம்மாள் சொன்னாள். அச்சில் வரி விட்டுப் போனதைச் சொன்னாள். மருந்து உள்ளே ஊறியிருப்பதைச் சொன்னாள். நாகப்பன் பொறுமையாகக் கேட்டான். எழுந்துபோய் கூரை இறவாணத்தில் செருகியிருந்த இதழை எடுத்து வந்து ஆறாம் பக்கத்தைப் பிரித்தான்.

"எங்க வரி வுட்டுப் போச்சு? காட்டு."

அவள் நகத்தால் இடத்தைக் காட்டினாள். "இங்க. கழுவிக்கும் வுட்டுக்கும் நடுவுல."

நாகப்பன் அந்த வரியை உரக்கப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். "சரியாத்தானே கீது? வரி வுட்டுப் போயிருந்தா அர்த்தம் முறியாதா? நானும் ஆறு வருஷமா படிக்கிறேன்."

"முறியலே அண்ணா. அதான் வெனையே."

"போன வருஷம் யூரியா எவ்ளோ போடறதுன்னு நீ ரோட்டுல வெச்சி ஒண்ணு சொன்னே. அப்பால பத்திரிகைல வேற வந்துது. நான் வந்து கேட்டேன். அப்ப நீ இன்னா சொன்னே? அச்சுல வந்ததுதான் சரி, நான் வாய் தவறிச் சொல்லிட்டேன்னே. சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அதுவும் இல்லாம நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. கழுவின நெல்லை மொதல்ல கோழிக்குப் போட்டுப் பாத்தேன். அஞ்சு கோழி. ஒண்ணு கூடச் சாவல. தோ, கொல்லைல மேயுது பாரு."

மேய்ந்துகொண்டுதான் இருந்தன. லூர்தம்மாள் அந்தக் கோழிகளைப் பார்த்தாள். இந்த விஷம் அப்படி இல்லை, இப்போது தெரியாது, ஒரு மாதம் கழித்துத்தான் கை மரத்துப் போகும், கண் மங்கும் என்று சொல்லச் சொல்ல, தன் பேச்சு தன் காதுக்கே மந்திரவாதி மிரட்டுவது போலக் கேட்டது. காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. எதிரில் அச்சு இருக்கிறது, உயிரோடு ஐந்து கோழி இருக்கிறது. இவளிடம் வாய் மட்டும்தான் இருந்தது.

அடுப்படியில் சந்திரம்மாள் பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். மூன்று பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள்.

லூர்தம்மாள் முந்தானையை இரண்டாக மடித்துப் பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். கொல்லையில் சாம்பல் குழிக்குக் கொண்டுபோய் அப்படியே கவிழ்த்தாள். கொதிகஞ்சி தெறித்து இடது புறங்கை வெந்தது. கோழிகள் ஓடி வந்தன. காலால் விரட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினாள். பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். சந்திரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நாகப்பன் கத்தவில்லை. அருகில் வந்து, "என் வூட்டு உலைல கை வெக்க நீ யாரு?" என்று கேட்டான்.

"மூட்டையைக் குடு அண்ணா. இன்னிக்குள்ள எங்க வூட்டு நெல்லு வரும்" என்று மட்டும் சொன்னாள். அவன் உள்ளே போய் ஒரு மூட்டையை இழுத்து வந்து அவள் காலடியில் போட்டான். "எடுத்துகினு போ. இனிமே இந்த வூட்டு வாசல் மிதிக்காதே."

மறுநாள் முதல் பேருந்தில் வாலாஜாபாத் போய், அங்கிருந்து காஞ்சிபுரம். கையில் துணி சுற்றியிருந்தாள். அவள் வட்டாரத்து நாற்பது பிரதி போக மீதி ஐந்நூற்று அறுபது வேறு ஊர்களுக்குப் போயிருந்தன.

அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் கோதண்டம். இருபது வருஷமாக அதே பெட்டிகளுக்கு முன்னால் நின்றவர். கம்பியில் குத்தியிருந்த பழைய தாள்களிலிருந்து லூர்தம்மாளின் கையெழுத்துப் பிரதியை அவரே தேடி எடுத்தார். விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். "அய்யோ தாயே" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியர் தணிகாசலம் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "அடுத்த இதழ்ல மொதப் பக்கத்துலேயே திருத்தம் போட்டுடலாம் லூர்தம்மா" என்றார்.

"அடுத்த இதழ் வர இருவத்தஞ்சு நாள் ஆவும் சார். அதுவரைக்கும் சாப்டுவாங்க."

"இப்ப நோட்டீஸ் அடிச்சா போலீஸு கேஸுன்னு போயிடும். விளம்பரம் குடுக்கறவங்க நின்னுடுவாங்க. பத்திரிகையே இருக்காது."

"இருக்க வேணாம் சார்" என்றாள் லூர்தம்மாள். சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டாள்.

தணிகாசலம் ஒரு தாளை எடுத்து, 'வாசகர் கவனத்திற்கு: ஒரு சிறு திருத்தம்' என்று எழுதினார். லூர்தம்மாள் அதை வாங்கி அடித்துவிட்டு எழுதினாள். 'நாங்கள் தவறாக அச்சடித்துவிட்டோம். மருந்து கலந்த விதையைச் சாப்பிடாதீர்கள். கழுவினாலும் விஷம். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பாதீர்கள்.' அடியில் இருவர் பெயரும். இதைப் படித்ததும் வீட்டில் விதை நெல் உண்டா, சாப்பிட்டீர்களா என்று எழுதிப் போடும்படி ஒவ்வொரு நோட்டீசோடும் விலாசம் எழுதிய தபால் கார்டு ஒன்று.

"படிக்கத் தெரியாதவங்க?" என்று கோதண்டம் கேட்டார். அச்சகத்தில் இருந்த படக் கட்டைகள் பிள்ளையாரும் குத்துவிளக்கும்தான். அவர் ஒரு தேக்குத் துண்டை எடுத்து உளியால் செதுக்க உட்கார்ந்தார். ஒரு சோற்றுத் தட்டு; அதன் மேல் குறுக்கே பெரிய பெருக்கல் குறி. மூன்று தடவை உளி நழுவியது. பிற்பகல் இரண்டு மணிக்குள் சிவப்பு மையில் ஆயிரம் நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. தபாலுக்குப் போனவை போக மிச்சத்தை லூர்தம்மாள் கட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த நோட்டீஸ் செய்ததை அவள் வாய் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் கொடுத்தாள், சந்தையில் கொடுத்தாள், பேருந்து நடத்துநர்களிடம் கொடுத்தனுப்பினாள். அதுவரை இழுத்தடித்தவர்கள் சிவப்புத் தாளைப் பார்த்ததும் மூட்டையைக் கொண்டுவந்து போட்டார்கள். அவள் வட்டாரத்தில் பதினோரு வீட்டில் நெல்லைக் கழுவியிருந்தார்கள். கிணறு எதுவும் இல்லாத மேட்டு நிலத்தில் சவரிமுத்து ஆழக் குழி வெட்டி அத்தனையையும் புதைத்தான். குதிர் காலியாயிற்று. தணிகாசலம் கேழ்வரகு இரண்டு மூட்டை அனுப்பி வைத்தார். அந்த வருஷம் அவள் பிள்ளைகளும் கூழ்தான் குடித்தார்கள்.

வைப்பூருக்கு அவள் போகவில்லை. நோட்டீசை வேறொருவரிடம் கொடுத்தனுப்பினாள். நாகப்பன் அதை வேப்பமரத்தடியில் உரக்கப் படித்துக் காட்டினான் என்று கேள்விப்பட்டாள். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

தபால் கார்டுகள் வந்துகொண்டிருந்தன. சிலர் திட்டி எழுதினார்கள். ஒருவர் தன் மாடு சாப்பிட்டுவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். சந்தாதாரர் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தாள். புரட்டாசி கடைசியில் ஒரு பெயர் மட்டும் மிச்சம்: உத்திரமேரூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அந்தப் பெயர் அவளைத் தூங்கவிடவில்லை. மூன்று பேருந்து மாறி அங்கே போனாள். அந்தச் சந்தாதாரர் ஆறு மாதத்துக்கு முன்பே பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தபால்காரர் பெட்டியைத் திறந்து, மேலுறை பிரிக்காத ஆறு இதழ்களை எடுத்துக் காட்டினார். லூர்தம்மாள் அந்தத் தபால் நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தபால்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் நம்பியது பத்து நாள்.

ஐப்பசியில் மழை பிடித்த ஒரு காலை நேரம் சந்திரம்மாள் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"அவருக்கு வாயைச் சுத்தி மரமரன்னு கீதாம். வெரல்ல உணர்ச்சியே இல்லியாம். நேத்து வரப்புல நடக்கச் சொல்ல, குடிச்சவன் மாரி தள்ளாடி வுழுந்துட்டாரு. ரோட்டுல பக்கத்துல வர்ற மாடு கண்ணுக்குத் தெரியல லூர்தம்மா. நேரா கீறதுதான் தெரியுதாம்."

லூர்தம்மாள் மழையில் இறங்கி வந்தாள். "மூட்டையை அன்னிக்கே குடுத்துட்டாரே" என்றாள்.

"இன்னொண்ணு இருந்துது. வைக்கோப்போருக்குள்ள."

"நீங்க எல்லாரும்…"

"இல்ல. நோட்டீஸ் வந்தப்புறம் எங்களைத் தொடவுடல. பிள்ளைங்களுக்கு கேவுரு கூழுதான். அவரு மட்டும் தனியாக் குத்திப் பொங்கிச் சாப்ட்டாரு. ஏன்யான்னு கேட்டா, பாத்துடறேன், அவ சொன்னது நெசமா, அச்சுல முன்ன வந்தது நெசமான்னு நான் பாத்துடறேன்னாரு. அப்டியே பழக்கமாயிடுச்சி. ஒரு மாசத்துக்கு மேல."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியிலும் பேருந்திலுமாகக் கொண்டுபோனார்கள். மருத்துவருக்கு முதலில் என்ன நோய் என்று பிடிபடவில்லை; லூர்தம்மாள் எல்லாவற்றையும் சொல்லி, நோட்டீசையும் அந்த இதழையும் மேசை மேல் வைத்தாள். அவர் மருந்தின் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். உயிருக்குப் பயமில்லை, போன பார்வை திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்.

கட்டிலில் படுத்திருந்த நாகப்பனால் அவள் குரல் வந்த பக்கம் தலையை முழுக்கத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணா" என்றாள்.

"நீ வந்து சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்" என்றான் நாகப்பன். நாக்கு தடித்து, வார்த்தை குழறியது. "கேக்கலை. ஆனா ஒண்ணு. அச்சுல கீறதை மட்டும் நம்புன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

சவரிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். லூர்தம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு விசாரணை வந்தது. ஒரு அதிகாரி வந்து எல்லோரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு போனார். கோதண்டத்தை வேலையை விட்டு நீக்கினால் விஷயம் அதோடு முடியும் என்று யாரோ தணிகாசலத்துக்கு யோசனை சொன்னார்கள். லூர்தம்மாள் தன் வாக்குமூலத்தில், அச்சுப் பிழை பார்க்கத் தன்னிடம் தாள் வந்ததே இல்லை, கேட்டு வாங்கத் தானும் முயன்றதில்லை, ஆறு வருஷமாக அதுதான் வழக்கம் என்று எழுதிக் கொடுத்தாள். கோதண்டத்தின் வேலை தப்பியது. பத்திரிகையும் எப்படியோ தப்பியது. ஆனால் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். வந்த கேள்விகளைப் பிரிக்காமல் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தாள்.

மாசியில் நாகப்பன் ஆள் அனுப்பினான். போனாள். அவன் அதே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், உடம்பு பாதியாகியிருந்தது.

"எழுதாம குந்திக்கினு கீறியாமே?"

அவள் கட்டிலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் இனிமே படிக்கப் போறதில்ல. ஒரு எழுத்து தெரிஞ்சா பக்கத்து எழுத்து தெரியல. ஆனா மரத்தடிக்கு ஜனங்க வந்துகினுதான் கீறாங்க. நெல்லுல புகையான் பூச்சி விழுந்துகீது, இன்னா அடிக்கறதுன்னு என்னாண்ட கேக்கறாங்க. கடைக்காரன் ஒண்ணு சொல்றான். நான் இன்னா சொல்றது?"

"எனக்கு பயமா கீது அண்ணா."

"பயந்துக்கினே எழுது" என்றான் நாகப்பன். குரலில் கனிவு இல்லை. கோபமும் இல்லை. கேட்டதற்குப் பதில் வேண்டும் என்ற அவசரம்தான் இருந்தது.

பங்குனியிலிருந்து மறுபடியும் எழுதினாள். மாதம் ஒரு நாள் காலைப் பேருந்தில் காஞ்சிபுரம் போவாள். கோதண்டம் கோத்த எழுத்தை மை தடவித் தாளில் எடுத்துக் கொடுப்பார். அவள் உரக்கப் படிக்க, அவர் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகச் சரிபார்ப்பார். பூச்சிமருந்து, விதைமருந்து விஷயம் என்றால் இடம் மாறி உட்கார்ந்து இன்னொரு தடவை. வேறு வேலை கெடுகிறது என்று தணிகாசலம் முணுமுணுப்பார், நிறுத்தச் சொன்னதில்லை.

நாகப்பன் அதன் பிறகு ஒன்பது வருஷம் இருந்தான். சந்திரம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கழனிக்குப் போவான். லூர்தம்மாளை அவன் மன்னித்ததாகச் சொன்னதும் இல்லை, வீட்டுக்கு வராதே என்று திரும்பச் சொன்னதும் இல்லை. அவள் போனால் சந்திரம்மாள் சோறு போடுவாள். முதல் தடவை அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது லூர்தம்மாளுக்குக் கை தட்டுக்குப் போகவில்லை. நாகப்பன், "நல்ல அரிசிதான், சாப்புடு" என்றான். சாப்பிட்டாள்.

எண்பத்து மூன்றில் தணிகாசலம் இறந்ததும் பத்திரிகை நின்றது. அவர் பிள்ளைகள் காலண்டர் அடிக்க இறங்கினார்கள். கோதண்டம் அரக்கோணத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். லூர்தம்மாளுக்குத் தபால் வருவது மட்டும் நிற்கவில்லை. நெல்லில் கதிர் நாவாய்ப் பூச்சி, கத்தரியில் காய்ப்புழு, ஆட்டுக்குக் கழிச்சல் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கார்டில் தன் கையால் பதில் எழுதி, எழுதியதைச் சவரிமுத்துவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகுதான் தபால் பெட்டியில் போடுவாள்.